துண்டுக்கு அடியில் ஒரு கப்பல் கார்

எங்கள் வீட்டில் ஒரு கட்டுக் கீரை வாங்கக்கூட என்னை அனுப்ப மாட்டார்கள். கீரைக்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டதுமே நான் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். ஊருக்குள் நான் பட்டதாரி, பனியன் கம்பெனிப் பங்குதாரர், நாலு பேர் யோசனை கேட்டு வரும் ஆள். வீட்டுக்குள் விலை கேட்கவே லாயக்கில்லாதவன். இத்தனைக்கும் காரணம் ஒரு கப்பல் கார்.

அறுபதுகளில், நீளமாகவும் அகலமாகவும் இருந்த வெளிநாட்டுக் கார்களைத்தான் கப்பல் கார் என்போம். கோயமுத்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு அப்போதுதான் திருப்பூரில் என் மாமாவின் பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். (சேர்ந்தேன் என்பது ஒரு மரியாதைக்கு. வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.) மாமா என் அம்மாவின் அண்ணன். அவருடைய ஒரே மகள் ருக்மணி. முறைப்படி அவள் எனக்குத்தான் என்று நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்படி நம்பவில்லை. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த ஒருவரின் மகன் மீது அவருக்கு ஒரு கண். அந்தப் பையன் பித்தளை வியாபாரிகளிடம் பேரம் பேசினால் அவர்கள் அழுதுகொண்டே எழுந்து போவார்களாம். இவனோ காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிறான், இவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அத்தை சமையலறையிலிருந்து எனக்குக் கேட்கும்படியே பேசுவார். மாமா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் பம்பாயிலிருந்து ஒரு பெரிய வியாபாரி எங்கள் சரக்கைப் பார்க்க மூன்று நாள் வருவதாகத் தகவல் வந்தது. எங்களிடம் இருந்த வாகனம் மாமாவின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். பீளமேட்டில் விமானத்தை விட்டு இறங்குகிறவரை டாக்சியில் ஏற்றினால் நம்மைச் சின்ன ஆள் என்று நினைத்துவிடுவார் என்று மாமா பயந்தார். குண்டடத்தில் ஒரு பண்ணையக்காரர், மலை எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு துரையிடமிருந்து கப்பல் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு அதை வாடகைக்கு விடுவார்.

"ஏப்பா சாமிநாதா, போய்ப் பேசி முடிச்சுட்டு வா. ஒரு நாளைக்கு முப்பது ரூவா. அதுக்கு மேல தம்பிடி ஏறக்கூடாது" என்றார் மாமா. "இதை நல்லபடியா முடி. அப்புறம் மத்ததைப் பேசலாம்."

மத்தது என்றால் ருக்மணி.

கிளம்பும்போது மாமா இன்னொன்றும் சொன்னார். அந்தப் பண்ணையக்காரர் மாட்டு வியாபாரத்தில் ஊறியவராம். எதையும் துண்டு போட்டுத்தான் பேசுவாராம். அது தெரியுமில்லையா என்றார். தெரியுங்க மாமா என்றேன். (கண்ணபுரத்து மாட்டுச் சந்தையைப் பஸ் ஜன்னல் வழியாக ஒரு முறை பார்த்ததை வைத்துச் சொன்னது.) இரண்டு பேர் கையை நீட்டுவார்கள், மேலே ஒரு துண்டு விழும், அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள், சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்த அளவுக்கு எனக்குத் தெரியும். எந்தப் பிடிக்கு என்ன பொருள் என்பது மட்டும்தான் தெரியாது.

குண்டடத்தில் அந்தக் கார் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு காளைகளுக்கு நடுவே நின்றிருந்தது. பண்ணையக்காரர் பெரிய மீசையும் மெல்லிய குரலுமாக இருந்தார். வாடகை எவ்வளவு என்று ஆரம்பித்த என்னைக் கை காட்டி நிறுத்தினார்.

"வாடகைன்னு சொல்லாதீங்க தம்பி, அது குடியிருக்கற ஊட்டுக்குங்க. வண்டியை நீங்க மூணு நாளைக்குக் குத்தகைக்கு எடுக்கறீங்க. தோப்பை எடுக்கற மாதிரி."

பண்ணை ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் கைகள் மேல் போட்டார். அடியில் என் விரல்களில் நான்கைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு மூளை நின்றுவிட்டது. அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது எங்கள் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான். எதிராளியை மடக்க வேண்டுமானால் கையை முழுசாகப் பிடித்து, உறுதியாக அழுத்தி, கண்ணுக்குள் பார்க்க வேண்டும். நான் அவர் கையை முழுசாகப் பிடித்து, உறுதியாக அழுத்தி, கண்ணுக்குள் பார்த்தேன்.

அவர் திடுக்கிட்டார். பேராசிரியர் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் இப்போது மூன்று விரலைப் பிடித்தார். ஆள் இறங்குகிறார், விடாதே என்று மனம் சொல்லியது. மறுபடியும் முழுக் கையையும் பிடித்து முன்னைவிட அழுத்தினேன். என் நெற்றி வியர்வை துண்டில் சொட்டியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரிங்க, உங்க இஷ்டம்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் வெற்றி பெற்றுவிட்டேன். எந்த விலைக்கு என்பதுதான் தெரியவில்லை.

கேட்டிருக்கலாம். ஆனால் துண்டுக்கு அடியில் முடித்ததை நாலு பேர் முன்னால் வாயால் கேட்டால் ஊரே சிரிக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பிடிகளையெல்லாம் நானே என் கையில் போட்டுப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

மாமா வாசலிலேயே நின்றுகொண்டு எவ்வளவு என்றார். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, "துண்டுக்கு அடியில பேசுனதைச் சொல்லக்கூடாதுங்க மாமா. முப்பதைத் தாண்டலைங்க" என்றேன். மாமா என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டு, பாரு, பையனுக்கு வியாபார நாணயம் இருக்குது என்றார். அந்த மரியாதை என்னை உயிரோடு தின்றது. நாற்பதோ நூறோ, மூன்றாம் நாள் கணக்குத் தீர்க்கும்போது தெரிந்துவிடும். அன்றைக்கே பாத்திரப் பட்டறைக்குத் தாம்பூலம் போய்விடும்.

கார் வந்த அன்று பண்ணையக்காரரும் கூடவே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். காளையை விற்றாலும் ஒரு வாரம் கூட இருந்து பார்த்துவிட்டுத்தான் போவாராம். குத்தகைக்கு விட்ட வண்டியை மட்டும் தனியாக விடுவாரா? நான் அவருக்கும் டிரைவருக்கும் நடுவில். பீளமேடு போகும் வழியெல்லாம் அவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நானும் எத்தனையோ கையைப் புடிச்சிருக்கறனுங்க தம்பி. உங்களை மாதிரி ஒரு கையைப் பாத்ததில்லீங்க" என்றார்.

நல்ல விதமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பம்பாய்க்காரரை ஏற்றிக்கொண்டு சூலூரைத் தாண்டியதும் காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் ஸ்டீயரிங்கை விட முடியாது. பண்ணையக்காரர் உரிமையாளர். பம்பாய்க்காரர் விருந்தாளி, தவிரவும் தூங்கிக்கொண்டிருந்தார். மீதி இருந்தது நான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு அந்தக் கப்பலை நான் தள்ளினேன். அவ்வழியாக வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார். ஒரு பர்லாங் தள்ளியதும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. வீடு வந்து சேரும்போது நான் கரி பிடித்த அடுப்புத்துணி போல இருந்தேன். பம்பாய்க்காரர் கண் விழித்து, பயணம் சுகமாக இருந்தது என்றார்.

கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரக்கு வேண்டும் என்றார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பணம் பற்றிக் கேட்டபோதுதான், இவ்வளவு பெரிய கார் வைத்திருக்கிறவர்களுக்கு முன்பணம் எதற்கு என்று அவர் சிரித்தார். அதை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து மாமாவுக்குச் சொல்ல வேண்டிய கொடுமையும் என் தலையில் விழுந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கிணற்றடியில் நின்று மறுபடியும் என் கையை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ருக்மணி கவனித்துவிட்டாள்.

"ஏனுங்க மச்சான், எங்க அப்பாவை ஏமாத்தலாம். என்கிட்ட சொல்லுங்க. எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அழுகை வராத குறை. அவள் சிரிக்கவில்லை. ஈரத்துண்டு ஒன்றைப் பிழிந்து எங்கள் கைகள் மேல் போட்டு, அவர் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், அப்படியே செய்து காட்டுங்கள் என்றாள். (அவள் கையை நான் முதன்முதலாகப் பிடித்தது இப்படித்தான். அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை.) நான்கு விரல், முழுக் கை, மூன்று விரல், முழுக் கை. வெள்ளகோவிலில் காளை வளர்க்கும் அவளுடைய அப்புச்சியோடு, அதாவது அத்தையின் அப்பாவோடு, சின்ன வயதில் சந்தை சந்தையாகச் சுற்றியவள் அவள்.

அவள் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "ஒரு வெரலுக்குப் பத்து ரூவாங்க. அவரு நாப்பது கேட்டாரு. நீங்க அம்பதுன்னீங்க. பாவம், புரியாதவராட்ட இருக்குதுன்னு அவரே முப்பதுக்கு எறங்குனாரு. நீங்க விடலை. அம்பதுக்குக் கீழ வரவே மாட்டேன்னு அடிச்சுப் பேசி முடிச்சுட்டு வந்திருக்கறீங்க."

நான் கிணற்றைப் பார்த்தேன். அவள் நான் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குக் கணக்குத் தீர்க்கும்போது வாயைத் திறக்காமல் சும்மா உட்காருங்கள் என்றாள்.

மூன்றாம் நாள் பம்பாய்க்காரரை விமானம் ஏற்றிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தோம். மாமா பணப்பையை எடுத்தார். பண்ணையக்காரர் துண்டை எடுத்தார். மாமா கையை நீட்டுவதற்குள் ருக்மணி காபி டம்ளரை வைத்துவிட்டு பண்ணையக்காரர் எதிரே உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். அடுக்களை வாசலில் அத்தை வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

துண்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெளியே கேட்டது இவ்வளவுதான்.

"ஏனுங்க, வண்டி சூலூர்ல நின்னுதுங்களா?"

"நின்னுது கண்ணு."

துண்டு கொஞ்சம் அசைந்தது.

"தள்ளுனது யாருங்க?"

"இந்தத் தம்பிதான்."

துண்டு மறுபடியும் அசைந்தது.

"மூணு நாளும் எங்க ஊட்லதானுங்களே சாப்பிட்டீங்க?"

அவர் சட்டென்று கையை வெளியே இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "போதும் கண்ணு. இன்னும் விட்டா எனக்கு வெரலே மிஞ்சாது. இந்தப் புடி எனக்குத் தெரியும். நீ வெள்ளகோயிலுக்காரர் பேத்திதானே?"

மாமாவிடம் ஒரு நாளைக்கு முப்பது என்றார். மாமா எண்ணிக் கொடுத்துவிட்டு, நான் அன்றைக்கே சொன்னேனே என்பது போல அத்தையைப் பார்த்தார். பண்ணையக்காரர் பணத்தை மடியில் செருகியபடி, பெண்ணை எங்கே கொடுப்பதாக இருக்கிறீர்கள் என்று மாமாவை விசாரித்தார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார். பதில் சொன்னது ருக்மணிதான்.

"இவுங்களுக்குத்தாங்க. அந்தப் பட்டறைக்காரருக்குப் பேரம் பேசத் தெரியுமுங்க. இவுங்களுக்குத்தான் ஆள் வேணும்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு ஒரு காப்பி கொண்டா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அந்தக் காபியில் சர்க்கரை போதவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கல்யாணத்துக்குக் கப்பல் கார் வந்தது. குத்தகை வாங்கவில்லை. அதற்குப் பதிலாகப் பந்தியில் உட்கார்ந்து, முப்பதை ஐம்பதாக்கிய கதையைப் பண்ணையக்காரர் இலைக்கு இலை சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். தாலி கட்டி முடிந்திருந்ததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன மாதம் பேத்தியின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா பெரிய அதிகாரி. மண்டப வாசலில் அவர் கையை நீட்டினார். நானும் நீட்டி முழுசாகப் பிடித்து, உறுதியாக அழுத்தினேன். மண்டபத்தின் அந்தக் கோடியில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த ருக்மணி அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கையை விடுங்க. சீர் எவ்வளவுன்னு இன்னும் நான் பேசி முடிக்கலைங்க."