கொட்டாவி மாமாவின் பெஞ்சு டெண்டர்

தூங்குவதையே தொழிலாகச் செய்தவர் இந்தப் பூமியில் கொட்டாவி மாமா ஒருவர்தான். இல்லை என்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

கடலூர் முதுநகரில் என் பிரவுசிங் சென்டரை ஒட்டி அவருடைய வெல்டிங் பட்டறை. இரும்பு பெஞ்சு செய்வார். செய்து முடித்ததும் அதன்மேல் நீட்டிப் படுத்துவிடுவார். குறட்டை வந்தால் பெஞ்சு பாஸ். வரவில்லையா, கால்களை அறுத்து மறுபடி பற்றவைப்பார். வாங்க வந்தவர்கள் அவர் எழுந்திருக்கும்வரை வாசலில் நின்று பார்ப்பார்கள். பலர் கொட்டாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, மாமாவின் வியாபாரம் படுத்தது.

"ஒரு கவர்மெண்டு ஆர்டர் கெடச்சா பட்டறை பொழைக்கும். இல்லன்னா பூட்டுதான் மாப்ள" என்றார், கண்ணை மூடியபடியே.

தேடு தேடென்று தேடி ஒரு டெண்டரைப் பிடித்தேன். சிதம்பரம் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில், நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு பெஞ்சு. மாவட்டத்துச் சிறு பட்டறைகளுக்கு மட்டும் ஒதுக்கியது. ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே வளைந்த கைப்பிடி வேண்டுமாம். அப்படிக் குழாய் வளைக்கிற மிஷின் மாவட்டத்திலேயே மாமாவிடம்தான் இருந்தது. ஆர்டர் கைக்கு வந்துவிட்ட மாதிரியே நான் மிதந்துகொண்டிருந்தேன்.

டெண்டர் போடுமுன் சந்தேகம் கேட்க ஒரு கூட்டம் வைப்பார்கள். போகும்போது பஸ்ஸிலேயே கெஞ்சினேன்.

"மாமா, அங்க வாயே தொறக்காதீங்க. வழக்கம்போல தூங்கிடுங்க, போதும்."

அந்த மனிதர் அன்றைக்கென்று பார்த்து முழித்துக்கொண்டிருந்தார். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கூட்டத்தை நடத்திய இன்ஜினியர் கேட்டதும் எழுந்து நின்றார்.

"சார், மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு படுத்துப் பாத்தேன். கைப்பிடி வெலாவுல குத்துது. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில கெடக்கறவங்க எங்க சார் படுப்பாங்க?"

"பெஞ்சு உக்காரத்தாங்க."

"நீங்களே ஒருதரம் படுத்துப் பாருங்க சார்."

கூட்டம் சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை. சில நாளில் திருத்தம் வந்தது, கைப்பிடி வேண்டாம் என்று. அவ்வளவுதான், வெல்டிங் மிஷின் வைத்திருந்தவரெல்லாம் டெண்டர் போட்டார்கள். விருத்தாசலத்துக்காரர் ஒருவர் விலையைக் குறைத்துப் போட்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனார். மாமா பட்டறையைப் பூட்டிவிட்டு வேறொரு பட்டறைக்குக் கூலிக்குப் போனார். கைக்கு வந்த ஆர்டரை அவரே கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆத்திரம். அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் மாமாவே வந்து, "வா மாப்ள, ஒண்ணு காட்டறேன்" என்று கையைப் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போனார். மத்தியானம். வேப்பமரத்துக் காற்று. எல்லா பெஞ்சிலும் ஆட்கள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா தூக்கத்தில் எதற்கோ சிரித்தார்.

"சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே மாமா" என்று ஆரம்பித்தேன்.

"மெதுவா பேசு. முழிச்சிக்கப் போறாங்க."

உட்கார இடமில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மாமா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஊருக்குப் போகிற பஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. போனால் போகட்டும் என்று நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.