நாற்பது விரிப்புகளின் ஊக்கம்

மனித குலம் தன் சோம்பலை வென்ற இடம் எது என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், தயங்காமல் புதுப்பட்டினத்தைக் காட்டலாம். அங்கே கடற்கரைச் சாலையில் ஒரு கூடத்தில் 'விடியல் கூட்டு உடற்பயிற்சிக் குழு' இயங்குகிறது. நாற்பது இடம், நாற்பது உறுப்பினர். ஆறு மாதமாக நூற்றுக்கு நூறு வருகை.

செயலாளர் பார்த்தசாரதிக்கு இது பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த பெரும் பேறு. "தனியா செஞ்சா மூணாம் நாள் விட்டுருவோம். கூட்டமா செஞ்சா ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போவோம். ஒருத்தர் வராட்டியும் என் மனசு கேக்காது" என்று தொடக்க விழாவில் பேசிக் கண் கலங்கியவர். தொடர்ந்து மூன்று நாள் வராதவரின் இடம் பறிக்கப்படும் என்று விதி இயற்றியவரும் அவரே.

விதி வந்ததும் உறுப்பினர்களின் அறிவு மலர்ந்தது. செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர்கள் அல்லவா? வர முடியாத நாளில், தரையில் போட்டுப் பயிற்சி செய்யும் விரிப்பை மட்டும் அனுப்பினார்கள். செயற்குழு அவசரமாகக் கூடி, போண்டா ஆறும்வரை விவாதித்து, 'விரிப்பின் வருகை உறுப்பினரின் வருகையே' என்று தீர்மானித்தது. அதற்குப் பிறகு விரிப்புகள் வீடு திரும்பவேயில்லை.

கூடத்தைப் பெருக்கும் சந்திரம்மா விடியற்காலையில் நாற்பதையும் விரிப்பாள். பார்த்தசாரதி ஆறரைக்கு வந்து எண்ணிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். எண்ணும் பொறுப்பு இருந்ததால் பயிற்சிக்கு அவருக்கு நேரமில்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் படுக்கையில் கிடந்தபடியே கட்டைவிரலை உயர்த்துவார்கள். அன்றைய பயிற்சி அதோடு நிறைவுறும். மாஸ்டர் ஷ்யாமும் நிலைமையைப் புரிந்துகொண்டு, தன் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விட்டுப் போயிருந்தார். "சூப்பர்! இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று அது விரிப்புகளை உற்சாகப்படுத்தும்.

இப்படியொரு பொற்காலத்தில்தான் பாத்திரக்கடை பதருன்னிசா வந்தார். இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வூட்ல தனியா செஞ்சு பாத்தேன் சார், மூணாம் நாளே நின்னுபோச்சு. நாலு பேரோட சேந்தா செஞ்சுடுவேன். ஒரு ஓரமா நின்னுக்கறேனே?"

"ஹவுஸ்ஃபுல்மா."

"யாரையும் காணோமே சார்?"

"எல்லாரும் வந்தாச்சு. கீழே பாருங்க."

பதினோரு நாள், அதிகாலை பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு வந்து, யாராவது விலகுவார்களா என்று வாசலில் நின்றார். யாரும் விலகவில்லை. ஊக்கம் அப்பேர்ப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் பார்த்தசாரதி எண்ணினார். முப்பத்தொன்பது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். முன்வரிசையில் ஒரு விரிப்பு சுருட்டப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. அந்த இடத்தில் பதருன்னிசா, கைகளை உயர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில், துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, சந்திரம்மா.

"யாரோட விரிப்பு அது?"

"உங்களுதுதான் சார்" என்றாள் சந்திரம்மா, தூக்கிய கையை இறக்காமல்.

"என்னோடதா! அத ஏன் எடுத்தே?"

"மத்தவங்களுத எடுத்தா சண்டைக்கு வருவாங்க. நீங்கதானே ஒருத்தர் வராட்டியும் மனசு கேக்காதுன்னு மைக்ல அழுதீங்க? இந்தக்கா தெனம் வந்துகினு கீது, வாசலோட திரும்பிப் போவுது. எனக்கு மனசு கேக்கல."

"சரி, நீ இன்னா பண்றே இங்க?" பதற்றத்தில் அதிகாரித் தமிழ் அவரைக் கைவிட்டிருந்தது.

"தனியா செய்ய வெக்கமா கீதுன்னாங்க. பக்கத்துல ஒரு ஆளு நின்னா போதுமாம்."

"சூப்பர்!" என்றது ஒலிபெருக்கி. பல மாதங்களில் முதன்முறையாக அது உண்மை பேசியது.

பார்த்தசாரதி நேர்மையானவர். பதிவேட்டைத் திறந்து, 'வந்த விரிப்புகள்: முப்பத்தொன்பது' என்று எழுதினார். ஆட்களைக் குறிக்க அதில் கட்டமே இல்லை. ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார்.

'வந்த ஆட்கள்: இரண்டு. இருவரும் உறுப்பினர் அல்லர்.'