றம்ஸியாவின் பெயர் வெட்டிய சஹன்

லாபிர் சஹனைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் மனைவியின் பெயரை வெட்டியிருந்தான்; அது சோறு போடும் பக்கத்தில் இடம் வலம் மாறிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய எவர்சில்வர் தட்டம், கலியாணத்துக்கு மனைவியின் தாயான மாமி தந்தது. கிண்ணியாவில் ஒரு வீட்டில் விருந்தென்றால் தெருவிலுள்ள சஹனெல்லாம் அங்கே போகும். திரும்பும்போது யாருடையது யாரிடம் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதனால் கடையில் கொடுத்துப் பெயர் வெட்டிவரச் சொல்லியிருந்தாள் றம்ஸியா. கூலி கொடுக்க லாபிருக்கு மனம் வரவில்லை. கைபேசியில் காணொளி பார்த்தான், கொங்கிறீற் ஆணியைக் கல்லில் தீட்டினான், மீன் டின் மூடிகளில் பழகினான். மூன்றாவது மூடியிலேயே தன்னைக் கலைஞன் என்று நம்பிவிட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கை அது; மெல்லத் தட்டத் தெரியாது. குசினியில் சமைக்கிற றம்ஸியாவுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று சஹனைத் தலையணைமேல் வேறு வைத்து அடித்தான்.

கொப்புளங்களை அடக்க முன்பக்கம் தட்டினான். நடு குழிந்தது. ஒரு சீராக இருக்கட்டுமென்று சுற்றிவரத் தட்டினான். சஹன் பொரிக்கிற தாச்சிபோல் குழிந்துவிட்டது, விளிம்பு மட்டும் தப்பியது.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு அஸ்மியா தன் சஹனில் செத்தல் மிளகாய் காயப்போட்டிருந்தாள். அதே மாதிரிச் சஹன், தட்டையாக, வடிவாக. லாபிருக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தோப்பூரிலிருந்து மாமி வருகிறார். அவர் தந்த சஹனில்தான் சாப்பாடு வைக்கவேண்டும் என்பது றம்ஸியாவின் பிடிவாதம். உம்மா தந்ததென்று அதை ஆசையாகத் துடைத்து வைப்பவள் அவள். அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

கடையில் கொடுத்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு, அடுத்த தெருக் கலியாண வீட்டுச் சஹன் குவியலுக்குள் அதைச் செருகினான். கடைக்காரன் தொலைத்துவிட்டான் என்று பழி போடலாம். அன்று பின்னேரமே அஸ்மியா மதிலால் எட்டினாள்.

"தம்பி, உங்கட சஹன். பேர் இருந்தபடியா கண்டுபிடிச்சன். ஆர் இப்பிடி நெளிச்சதோ."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பாலத்திலிருந்து அதைக் கடலில் போட்டான். தாச்சியாய்ப் போனதால் அது தாழவில்லை; தோணிபோல் மிதந்து போனது. கண்ணுக்கு மறைந்தால் போதுமென்று லாபிரும் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மாமி வந்து கதிரையில் அமர்ந்த கையோடு, வாசலில் அஸ்மியா. மீன்காரன் கடலில் எடுத்தானாம். பெயரை வாசித்து அவளிடம் கொடுத்தானாம்.

"பொருளக் கவனமா வெச்சிருக்கத் தெரியாதா தம்பி? ரெண்டாந்தரமும் நான்தான் கொண்டுவாறன்."

றம்ஸியா சஹனைப் பார்த்தாள், லாபிரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. ஆணி, தலையணை, பாலம் எல்லாவற்றையும் லாபிர் ஒப்புவித்தான்.

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாந்தானே. உம்மா தந்த சாமான்," என்றாள் றம்ஸியா.

மாமி சஹனை வாங்கினார். மடியில் வைத்து விளிம்பைச் சுற்றிவரத் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு அஸ்மியாவை நிமிர்ந்து பார்த்தார்.

"மகள், நான் குடுத்த சஹன்ட விளிம்பில முந்தியே ஒரு நெளிவு இருக்கு, இதில இல்ல. அந்தச் சஹன் உங்கட முற்றத்தில மிளகாயோட கிடக்கிறத வரக்குள்ள கண்டனான். எந்த விருந்திலயோ மாறியிருக்கு, நீங்க ரெண்டு தரமும் கொண்டுவந்து குடுத்தது உங்கட சஹனத்தான்."