மச்சான் ஒரு சிவப்புப் புள்ளி

இந்த முறை மச்சானை வாசலை மிதிக்கவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதுவும் விஞ்ஞானத்தின் துணையோடு.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். "சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போறேன்" என்று வருவார். போன தடவை கிளம்பும்போது எங்கள் சோபாவும் அவரோடு சேர்ந்து எழுந்தது. டிவி ரிமோட் அவர் கையில் வேர்விட்டிருந்தது. பிடுங்கினேன், மண்ணோடு வந்தது.

ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டாமா? கம்ப்யூட்டரில் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். உயிரியலுக்கான கணக்கு, ஆரம்பப் பாடம். ஊரில் சளி எப்படிப் பரவும் என்று பார்க்க யாரும் தும்ம வேண்டியதில்லை. மனிதருக்குப் பதில் திரையில் புள்ளிகள். நல்ல உடம்பு பச்சை, சளி சிவப்பு. யார் எவ்வளவு அலைகிறார் என்று எண்ணைக் கொடுத்தால் போதும், புள்ளிகள் தாமே ஓடி, இடித்து, பரப்பிக் காட்டும்.

மச்சானுக்கு அப்போது சளி. அவர் போனில் தும்மினால் எங்கள் வீட்டு ஜன்னல் திறந்துகொள்ளும். விடுவேனா? அவரைச் சிவப்பாக்கி, அலைச்சலை உச்சத்தில் வைத்து, மனைவியைக் கூப்பிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் திரையெல்லாம் சிவப்பு.

"பார்த்தியா? உங்க அண்ணன் வந்தா ஊரே படுத்துடும். நான் சொல்லலை, கணக்கு சொல்லுது."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"இந்தக் குதிக்கிற புள்ளியா எங்க அண்ணன்?"

"அவரேதான்."

"அவரு எப்பங்க குதிச்சாரு? உட்கார்ந்தா சாப்பாட்டுக்குத்தானே எழுந்திருப்பாரு!"

"அது வந்து... சும்மா ஒரு எண்ணு..."

"கணக்கு பொய் சொல்லாது, எண்ணு போடுறவங்கதான் பொய் சொல்வாங்கன்னு உங்க டீச்சரம்மா சொன்னாங்களே. அடுப்படியில இருந்து நானும்தான் தினம் கேட்கிறேன். அவரை உட்கார வைங்க."

வைத்தேன்.

"இப்ப உங்க புள்ளி. காலையில எங்கெல்லாம் போறீங்க?"

பெருமை யாரை விட்டது! பூங்கா, டீக்கடை, நூலகம், முடிதிருத்தும் கடை, மறுபடி டீக்கடை என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் போடவைத்து ஓடவிட்டாள்.

என் புள்ளி மச்சானை ஒரு தடவை உரசியது. சிவந்தது. வெளியே பாய்ந்தது. ஊரையே கொளுத்திவிட்டுத்தான் வீடு திரும்பியது. அதற்குள் மச்சான் மூலையில் உட்கார்ந்தபடியே குணமாகி நீலமாகிவிட்டார். நீலத்துக்கு மறுபடி ஒட்டாது.

"ஊருக்கெல்லாம் கொடுத்தது யாருங்க?"

நான் திரையைத் துடைத்தேன்.

"இப்ப உங்களை உள்ரூம்ல அசையாம வைங்க, பார்ப்போம்."

மச்சான் ஒருவர் மட்டும் சிவந்து, நீலமானார். மற்ற புள்ளியெல்லாம் பச்சைப் பசேல்.

உடனே போனை எடுத்தாள். "அண்ணா, கிளம்பி வா. உன் மாப்பிள்ளையே கணக்குப் போட்டுப் பார்த்துட்டாரு."

மச்சான் வந்தார். சளியும் போனது. இப்போது தினமும் என் செருப்பை மாட்டிக்கொண்டு, பூங்காவில் என் நண்பர்களோடு அரட்டை அடித்துவிட்டு வருகிறார். நான் உள்ளறையில் இருக்கிறேன்.

நேற்றுப் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "உங்க அண்ணன் மட்டும் ஊர் சுத்தலாமா?"

"அவரு நீலமாயிட்டாருங்க. நீங்க இன்னும் பச்சை. அசையாதீங்க."