சூரியன் இறங்கியும் ஊதாத சங்கு

ஆக்லாந்தில் இருக்கும் மதிப்பிற்குரிய பெலெனிசே அக்காவுக்கு, சமோவாவிலிருந்து தம்பி ஃபாலனிகோ தலைகுனிந்து எழுதுவது. நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை. இங்கே பன்றிகள் சுகம், போதகர் ஐயா பரிபூரண சுகம். நான்தான் வெளியே தலைகாட்ட முடியாமல் பாயில் சுருண்டு கிடக்கிறேன்.

வேறு யாராவது போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சிட்னியிலிருந்து ஹெதர் என்ற அம்மா படம் எடுக்க வந்தார். காதல் கதை. பையனும் பெண்ணும் சூரியன் மறையும்போது யாருக்கும் தெரியாமல் கடற்கரையில் கைகோத்து ஓட வேண்டுமாம். ஒரு வீட்டுக்கும் சுவர் கிடையாத நம் ஊரில், யாருக்கும் தெரியாமல்! அதுவும் சங்கு ஊதி ஊரே ஜெபத்துக்கு உட்கார்ந்து, ரோட்டில் கோழி நடந்தால்கூடக் காவல் பையன்கள் முறைக்கிற நேரத்தில்! "அந்நேரம் இங்க ஓடினா காதலர்னு நினைக்க மாட்டாங்கம்மா, திருடன்னுதான் நினைப்பாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என்னைப் பெண்ணின் அப்பாவாக நடிக்கச் சொல்லிவிட்டார். மூன்று வரி வசனம் வேறு. "சங்கு ஊதறது நீங்கதானே? இன்னைக்குக் கொஞ்சம் லேட்டா ஊதுங்களேன்" என்றார். "அதுக்கென்னம்மா" என்றேன். எனக்கு என்ன கேடு அக்கா?

சூரியன் இறங்கியது. நான் சங்கைத் துணியில் சுற்றி ஒளித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றேன். சங்கு கேட்காததால் ஊருக்குப் பொழுதே சாயவில்லை. பையன்கள் இருட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து எங்கே என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. ஜெபம் முடிந்தால்தானே சாப்பாடு, சேம்பங்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கக் குழந்தைகள் அழுகின்றன. போதகர் ஐயா பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வெள்ளைச் சட்டையோடு கடற்கரைக்கே வந்து, ஓடும் காதலர்களுக்கு நேர் பின்னால், படத்துக்குள்ளேயே நின்றுவிட்டார். "ஃபாலனிகோ, சூரியன் போயிருச்சுப்பா. உனக்கு யாராவது வந்து சொல்லணுமா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, இன்னும் ஒரே ஒரு டேக்." அந்த நாக்கை அறுத்துப்போட வேண்டும்.

ஒருவழியாக ஊதினேன். ஹெதரும் நம் வீட்டில் வந்து உட்கார்ந்தார். ஜெபத்தில் என் மகள் லுபே ஒரு கண்ணைத் திறந்து எதிர்வீட்டைப் பார்க்கிறாளாம், எதிர்வீட்டு இயோவானே ஒரு கண்ணால் இவளைப் பார்க்கிறானாம். "கதை இங்கல்லவா இருக்கு! யாரும் ஓட வேண்டாம், உட்கார்ந்தாலே போதும்" என்று ஓடுகிற காட்சியையே தூக்கிப்போட்டுவிட்டார். அந்தக் காட்சிக்காகத்தானே அக்கா நான் ஊரைப் பட்டினி போட்டேன்! என் வசனமும் போச்சு. "நீங்க கண்ணை மூடிட்டு இருங்க. ஒண்ணும் தெரியாத அப்பா" என்கிறார். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை ஊர்ச்சபை கூடுகிறது. அபராதம் பன்றி என்றால் கொடுத்துவிடுவேன். சங்கை வாங்கிவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. அதை ஊதும்போது மட்டும்தான் இந்த ஊர் என் பேச்சைக் கேட்கிறது. மற்ற நேரம் பெண்டாட்டிகூடக் கேட்பதில்லை. போதகர் ஐயாவுக்கு ஒரு போன் போட்டு, தம்பி திருந்திவிட்டான், சினிமாக்காரர்கள் பக்கமே இனித் திரும்பமாட்டான் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,
தம்பி ஃபாலனிகோ

பி.கு.: போன் போட வேண்டாம் அக்கா. கடிதத்தை ஒட்டும்போது ஹெதர் வந்து, படத்துக்குச் சங்குச் சத்தம் மட்டும் வேண்டும் என்றார். சத்தம்தானே என்று ஊதிவிட்டேன். பட்டப்பகலில் ஊர் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. பஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. போதகர் ஐயா பாதி முகத்தில் சவரச் சோப்போடு பாட்டை ஆரம்பித்துவிட்டார். நேற்று அப்படிச் செய்தவன் ஊதியும் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாட்டு முடிந்ததும் சங்கைப் போதகர் ஐயாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.