அசையாபுரியில் குனிந்தவர்கள்

அசையாபுரி என்ற நாட்டில் பெயரைத் தவிர எல்லாமே அசைந்துகொண்டிருந்தன. பூமிக்கடியில் இரண்டு பெரும்பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்த இடமாகப் பார்த்துத்தான் முன்னோர் தலைநகரைக் கட்டியிருந்தார்கள்.

அரண்மனையின் பின்னறையில் இருந்த நிலநடுக்கமானிக்குப் பொறுப்பு பொற்கிளி. சுழலும் காகிதத்தில் அதன் ஊசி கிறுக்கும் கோட்டைப் படிப்பது அவள் வேலை. ஆறு மாதமாகக் கோடு அடிக்கடி துள்ளியதால், சபைக்கே போய்ச் சொல்லிவிட்டாள்.

"என்னைக்கு வரும்? தேதியைச் சொல்லும்மா," என்றார் உறுதித்துறை அமைச்சர் திடசித்தர்.

"தேதி யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா ஒருநாள் வரும். கூரையில பாரம் ஏத்தக் கூடாது. ஆட ஆரம்பிச்சா ஓடாம, மேசைக்கடியில குனிஞ்சு, கழுத்தை மூடிக்கிட்டு, மேசைக்காலைக் கெட்டியாப் புடிச்சுக்கணும். ஜனங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க, போதும்."

"தேதி இல்லாத செய்திக்கு வதந்தின்னு பேரு."

சபை வாக்கெடுத்தது. பூமி அசையாது என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அசையும் என்று ஒருவருமில்லை. ஊசியை நூலால் கட்டிப்போட்டார்கள். பூமிக்குப் பாரம் போதாததால்தான் இந்தத் துள்ளல் என்று நிபுணர் குழு கண்டறிந்ததால், கூரைதோறும் மன்னரின் கருங்கல் தலை ஏற்றப்பட்டது. அசல் தலையில் அத்தனை கனம் கிடையாது. அதிர்வு வந்தால் குடிமக்கள் நிமிர்ந்து நின்று நாட்டுப்பாட்டுப் பாட வேண்டும், குனிபவர் துரோகி என்றொரு சட்டமும் வந்தது. அதற்கு ஒரே விலக்கு, மன்னர் படத்தைக் கண்டால் வழக்கம்போலக் குனிந்தே ஆகவேண்டும்.

பொற்கிளியைக் கொடி தைக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அறுபது பெண்கள். அவர்களுக்கு மேலே ஓட்டுக்கூரையில் ஒரு கல் தலை. பொற்கிளி அண்ணாந்து பார்த்தாள். இந்த அறுபது பேரை எவனுடைய தலைக்காகவும் சாகக் கொடுக்க முடியாது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாளே மன்னர் படங்களை வாங்கி வந்து, துணி வெட்டும் பலாமர மேசைகளுக்கு அடியில் தரையில் ஒட்டினாள். தினமும் காலையில் மணியடிப்பாள். பெண்கள் மேசைக்கடியில் புகுந்து குனிந்து, ஒரு கையால் கழுத்தை மூடி, மறுகையால் மேசைக்காலைப் பிடிப்பார்கள்.

"யக்கா, ராசாவைக் கும்பிடுறதுக்கு மேசைக்காலை எதுக்குப் புடிக்கணும்?" என்று கேட்டாள் தையல்காரி செவ்வந்தி.

"ஆடும்போது தெரியும். நிக்கிற வரைக்கும் விட்டுராத."

சோதிக்க வந்த திடசித்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "மேசைக்கடியிலும் விசுவாசம்!" என்று நெகிழ்ந்து, அதை நாடெங்கும் கட்டாயமாக்கினார். மன்னரே நேரில் வீற்றிருப்பதால் சபைக்கு மட்டும் படம் தேவைப்படவில்லை.

ஒரு முற்பகலில் பூமி வாக்கெடுப்பை மீறியது. கூடத்தில் ஓடுகள் மேசைகள்மேல் கொட்டின. கல் தலை கூரையைப் பிய்த்துக்கொண்டு நடைபாதையில் விழுந்து உருண்டது. செவ்வந்தி பிடியை விடவில்லை. ஆட்டம் நின்றதும் அறுபது பேரும் புழுதியோடு வெளியே வந்தார்கள். பொற்கிளி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அழுதாள். நிமிர்ந்து நின்று பாடிய சபையிலோ எழுபது பேருக்கு எலும்பு முறிந்தது.

மூன்றாம் நாள் மன்னர் மைதானத்தில் மக்களைக் கூட்டினார். அவர் படமே நாட்டைக் காத்தது என்றும், இனிக் கூரைக்கு இரண்டு தலை என்றும் அறிவிக்கப்பட்டது. பதக்கம் வாங்கப் பொற்கிளியை மேடைக்கு அழைத்தார்கள்.

"படம் காப்பாத்தலைங்க, மேசைதான் காப்பாத்துச்சு," என்றாள் அவள், மைதானத்துக்கே கேட்கும்படி. "ஊசியைக் கட்டினது நீங்க. கல்லை ஏத்தினதும் நீங்க. எனக்குப் பதக்கம் வேண்டாம்."

கையில் கட்டுப்போட்டிருந்த திடசித்தர் காவலர்களைக் கூப்பிட வாயெடுத்தார். அந்த நேரம் பின்னதிர்வு வந்தது. கூட்டம் மொத்தமும், காவலர்கள் உட்பட, கழுத்தை மூடிக்கொண்டு குனிந்தது. மன்னர் பூரித்துப்போய் ஆசி வழங்கக் கையைத் தூக்கினார்.

நிலம் அடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். வணக்கத்துக்கான முரசு ஒலித்தது, ஒருவரும் அசையவில்லை.

"மன்னரை வணங்குங்கள்!" என்று கத்தினார் திடசித்தர்.

"குனிய வேண்டியதுக்குக் குனிஞ்சாச்சு ஐயா," என்றாள் செவ்வந்தி, முழங்கால் மண்ணைத் தட்டியபடி. இடுப்பிலிருந்த கத்தரிக்கோலைப் பொற்கிளியிடம் நீட்டினாள்.

பொற்கிளி அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று அரண்மனைப் பின்னறைக்குப் போய், நூலை வெட்டினாள். ஊசி உடனே துள்ளியது.

அவள் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்தாள். பூமி சும்மாதான் இருந்தது. மைதானத்திலிருந்து ஜனங்கள் திரண்டு, தடதடவென்று அரண்மனையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.