குழல்சாமி எடுத்த மருந்து

விருத்தாசலத்துக்கு அந்த வருஷம் மழை வரவில்லை, குழல்சாமி வந்தார். பெண்ணாடத்திலிருந்து டிராக்டர் டிராக்டராய்க் கூட்டம். யார் இருமினாலும் சாமி சொல்லும் காரணம் ஒன்றுதான்: சொந்தக்காரர் யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார். ஆளை மஞ்சள் துணியால் தலையோடு மூடச் சொல்வார். கையால் தொடமாட்டார், தீட்டு. பித்தளைக் குழலை நெஞ்சில் வைத்து உறிஞ்சுவார். தட்டில் கறுப்பாய் ஓர் உருண்டையைத் துப்புவார். மூடியிருப்பவர் பேசக் கூடாது. பேசினால் மருந்து உள்ளே ஓடிவிடுமாம். அவ்வளவு கூச்சமுள்ள மருந்து.

பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் வெண்மதிக்கு அவரை நம்ப வசதியில்லை. அவள் புருஷன் கொளஞ்சியப்பனின் நெஞ்சில் உருண்டை எடுத்த சாமி, "ஒம்பொண்டாட்டி மீன்கொழம்புல வச்சது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் அவள் கையால் சாப்பிடுவதில்லை; ஆஸ்பத்திரி மாத்திரையையும் தொடுவதில்லை. சாமி மந்திரித்த பீடி மட்டும் வேளை தவறாமல். காய்ச்சல், பச்சைச் சளி, நாலு படி ஏறினால் இளைப்பு.

"டாக்டரம்மா சொன்னதக் கேளு. மூச்சுக்குழாய்ல சளியத் தள்ளிவுடுற பொடி முடிங்க இருக்குதாம். பீடி அதக் கெடுத்துடுது. தேங்குன சளியில கிருமி குடியேறுது. பொகையும் கிருமியும் சேந்து குழாயப் புண்ணாக்கிச் சுருக்கிடுது. இப்புடியே வுட்டா அப்புறம் பழையபடி ஆவாதாம்."

"மருந்து வச்சவ பேசுறா பாரு," என்றான் அவன், இருமலுக்கு நடுவே.

வெள்ளிக்கிழமை வெண்மதி மடியில் எதையோ மஞ்சள் துணியால் மூடிக்கொண்டு சாமி முன் உட்கார்ந்தாள். அடுத்த கட்டுப் பீடிக்காகக் கொளஞ்சியப்பனும் அங்கேதான் இருந்தான்.

"தங்கச்சி புள்ள சாமி. நாலு நாளா இருமலு."

சாமி குழலை வைத்தார். உறிஞ்சினார். துப்பினார். "இது அத்தக்காரி வேல. தோசையில வச்சிருக்கா. மூணு வாரம் தூக்கிட்டு வா."

வெண்மதி துணியை எடுத்தாள். இரண்டடி உயரப் பீங்கான் பொம்மை. கன்னத்து ரோஸ் வர்ணம்கூடக் காயவில்லை.

"சூளையிலேர்ந்து நேத்துதாங்க எறங்குச்சு. எப்ப தோசை தின்னுச்சு?"

சாமி கன்னத்துக்குள் எதையோ நாக்கால் ஒதுக்கினார்.

"சாமி, வாயத் தொறந்து காட்டுங்க," என்றாள் வரிசையில் அடுத்திருந்த வீரம்மாள்.

திறக்க மாட்டேன் என்று தலையாட்டினார். வீரம்மாள் தாடையைப் பிடித்து அழுத்தினாள். கடைவாயிலிருந்து அவளுக்கு வைத்திருந்த உருண்டை வந்து விழுந்தது.

கொளஞ்சியப்பன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தான். தட்டில் போட்டான்.

"அந்த மாத்திரை வூட்டுல இருக்குதா?"

"இருக்குது. மொதல்ல டாக்டரம்மாகிட்ட நட."

பின்வரிசையில் ஒருவர் கண்ணீரோடு கும்பிட்டார்: "பொம்மைக்கே மருந்தெடுத்த மகானுங்க."

பீங்கான் பொம்மைக்குத் தலை உள்ளே காலியாகத்தான் இருக்கும், வார்ப்பு அப்படி. கும்பிட்டவரோ ஒரு தாய் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. அவராவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.